பொறிகளுக்கு லாக்வுட் சாயம், மெழுகு, டிப்: பல பருவங்கள் பயன்படுத்திய அனுபவம்

விலங்கு பிடிக்கும் இரும்புப் பொறிகளைத் துரு அரிக்காமல் காக்க எதைப் பூசுவது என்பதில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நரி, கொயோட்டிக்கு (ஓநாய் போன்ற சிறு விலங்கு) தரையில் புதைத்துக் காலைப் பிடிக்கும் கால்பிடிப் பொறிகளுக்கு லாக்வுட் என்ற மரத்தின் சாயமும் மெழுகும். தண்ணீரில் வைக்கும், உடலை இறுக்கிக் கொல்லும் உடல்பிடிப் பொறிகளுக்கு டிப், அதாவது எரிபொருளில் கலக்கிப் பொறியை முக்கி எடுக்கும் பூச்சு. இரண்டையும் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன், இனி மாற்றுவதாக இல்லை.

நான் இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதி. இங்கே செப்டம்பர் நடுவில் வில் அம்பு மான் வேட்டையும் குரவுஸ் பறவை வேட்டையும் தொடங்கிவிடும், அக்டோபர் நடுவில் நரி, கொயோட்டி, ரக்கூன் பொறிப் பருவம். செப்டம்பர் வந்துவிட்டால் ஒரு சனி, ஞாயிறு கூடக் கையில் நிற்காது என்பதால் பொறி வேலையை ஆகஸ்ட் கடைசியிலேயே முடித்துவிடுவேன். காற்றாட விட்டு வாசனை போவதற்கும் அந்த இடைவெளி வேண்டும்.

புதுப் பொறி தொழிற்சாலை எண்ணெயோடு வரும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அலசி, வெளியே மரத்தில் தொங்கவிட வேண்டும். சில நாளில் லேசாகச் செம்மண் பூசியதுபோல் துரு பிடிக்கும். பயப்பட வேண்டாம், அந்த மெல்லிய துருவில்தான் சாயம் ஏறும். பளபளக்கும் இரும்பில் ஒட்டாது. அப்புறம் லாக்வுட் பொடி போட்ட தண்ணீரில் மெதுவாகக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து இரவு முழுக்க ஊறவிட்டால் காலையில் கருநீலமாக எடுக்கலாம். கருப்பு வால்நட் மரம் அருகில் இருப்பவர்கள் இலையுதிர் காலத்தில் கீழே விழும் காயின் பச்சைத் தோலைச் சேர்த்துவைத்து அடுத்த வருடம் பயன்படுத்தலாம், காசு செலவில்லை. நிறம் கொஞ்சம் பழுப்படிக்கும், வேலைக்குக் குறைவில்லை.

மெழுகில்தான் பொறுமை வேண்டும். பொறி சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும், ஈரத்தோடு உருகிய மெழுகில் இறக்கினால் பொங்கி அடுப்பில் வழியும், தீப்பிடிக்கும். வீட்டுக்கு வெளியே, மின் அடுப்பில், மூடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பொறியை உள்ளே விட்டதும் அதைச் சுற்றி மெழுகு வெள்ளையாக உறையும். இரும்பும் மெழுகின் சூட்டுக்கு வந்த பிறகு அது கரைந்துவிடும். அப்போது தூக்கினால் மெழுகு தண்ணீராக வடிந்து, கண்ணுக்கே தெரியாத ஒரு மினுக்கு மட்டும் நிற்கும். அவசரப்பட்டு எடுத்தால் தடிமனாக வெள்ளை ஏடு படிந்து, தாடை ஒரு தடவை மூடியதுமே உதிர்ந்து போகும். சரியாக ஏறிய மெழுகு எனக்கு அந்தப் பருவம் முழுக்கத் தாங்குகிறது. மழையில் நனைந்த மண்ணிலும் தாடை சுருக்கென்று மூடும், துரு வாசனைக்கு நரி தோண்டிப் பார்ப்பதும் குறைந்திருக்கிறது.

உடல்பிடிப் பொறிக்கு மெழுகு கூடவே கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். விசைத்தடியைப் பிடித்து நிறுத்தும் கொக்கி வழுக்கி, வைக்கும்போதே கையில் பாயும். பீவருக்கு வைக்கும் 330 அளவுப் பொறி அப்படிப் பாய்ந்தால் எலும்பு உடையும். விலங்கைப் பிடித்துவைத்துத் துன்புறுத்தாமல் உடனே உயிர் போக வேண்டும் என்று ஃபிராங்க் கோனிபேர் 1950களில் கொண்டுவந்த வடிவம் அது. அந்த வேகத்தை மதிக்கத்தான் வேண்டும். அதற்கு டிப் போதும். பெட்ரோல் போன்ற எரிபொருளில் கலக்கி, முக்கி, தொங்கவிடுவது, அவ்வளவுதான். ஆனால் எரிபொருள் நாற்றம் போக வாரக்கணக்கில் ஆகும், அதனால்தான் தரைப் பொறிக்கு அதை நான் தொடுவதில்லை.

பூச்சு முடிந்ததும் ஒவ்வொரு கால்பிடிப் பொறியிலும், விலங்கு மிதித்ததும் தாடையை மூடவைக்கும் மிதிதட்டின் இறுக்கத்தைச் சரிபார்க்கிறேன். சுமார் இரண்டு பவுண்டு, அதாவது 900 கிராம் அழுத்தத்துக்குத்தான் தட்டு இறங்க வேண்டும். அணிலும் முயலும் மிதித்தால் மூடக்கூடாது. எம்பி-550 என்ற கால்பிடிப் பொறி வகையில் இந்த இறுக்கத்தை மாற்றும் திருகு வைத்த இடத்தில் நிற்கிறது. விலை குறைவு என்று வாங்கிய வேறொரு தயாரிப்பில் இரண்டாவது பருவத்திலேயே தளர ஆரம்பித்துவிட்டது, அவற்றை ஒதுக்கிவிட்டேன். சங்கிலியில் சுழலும் இணைப்புகள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்றும் பாருங்கள், பிடிபட்ட விலங்கின் கால் முறுக்கிக்கொள்ளாமல் இருப்பது அதை நம்பித்தான். தரைப் பொறியைத் தினமும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது இங்கே சட்டம்; சட்டம் இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டியதுதான். முடியாத வாரத்தில் நான் பொறியே வைப்பதில்லை.

உடையைப் பற்றி ஒன்று மட்டும். குளிர் வந்தால் உண்ணி போய்விடும் என்று நம்ப வேண்டாம், லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணிகளில் வளர்ந்தவை இலையுதிர் காலத்தில்தான் மும்முரமாகத் திரியும். 0.5 சதவீதப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தெளிப்பைக் கால்சட்டைக்கும் சாக்ஸுக்கும் அடித்து நன்றாகக் காயவைத்த பிறகு போட்டுக்கொள்கிறேன், காலில் ஏறும் உண்ணி கண்கூடாகக் குறைந்துவிட்டது. வீட்டில் பூனை இருந்தால் துணி காயும்வரை கிட்டே விடாதீர்கள், ஈரமான பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் சாயம், மெழுகு, பழைய பெரிய பானை, ஒரு மின் அடுப்பு, இவற்றோடு தொடங்கினால் போதும். உடல்பிடிப் பொறி வாங்கும்வரை டிப் தேவைப்படாது.