சிஎன்ஜி கார், மூன்று வருடம் ஓட்டிய பிறகு

சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடும் கார் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். தினமும் போய்வருகிற வழியில் கேஸ் பங்க் இருக்கிறதா? இல்லையென்றால் மைலேஜ் கணக்கு போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பெட்ரோல் வண்டியே எடுத்துக்கொள்ளுங்கள்.

2022 ஏப்ரலில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 110 ரூபாயைத் தாண்டியதே, அப்போதுதான் இந்தப் பக்கம் பார்க்க ஆரம்பித்தேன். மே மாதம் மத்திய அரசு கலால் வரியில் 8 ரூபாய் குறைத்ததும் 102.63க்கு வந்தது, 2024 மார்ச்சில் இன்னொரு 2 ரூபாய் குறைத்தார்கள், அவ்வளவுதான், அப்போதும் நூறுக்குக் கீழே இறங்கவில்லை. வீடு பூந்தமல்லி, வேலை ஒரகடம். மாதம் 1,400 கிலோமீட்டர் எப்படியும் ஓடிவிடும். கம்பெனியிலேயே சிஎன்ஜி பொருத்தி வருகிற ஒரு லிட்டர் என்ஜின் ஹேட்ச்பேக் எடுத்தேன். பிராண்டு பெயர் சொன்னால் பேச்சு அந்தச் சண்டைக்குப் போய்விடும், அதனால் சொல்லவில்லை.

முதலில் காசு. இதே வண்டி பெட்ரோலில் எனக்கு லிட்டருக்கு 17 கிலோமீட்டர் தருகிறது, கேஸில் கிலோவுக்கு 26. விளம்பரத்தில் போடும் 34 எல்லாம் ஏசி போட்டுக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் சிக்னலில் நிற்கிற வண்டிக்கு வராது. பெட்ரோல் 101, கேஸ் கிலோ 90 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 5.90க்கும் 3.50க்கும் உள்ள வித்தியாசம், அதாவது கிட்டத்தட்ட இரண்டரை ரூபாய். சிஎன்ஜி மாடலுக்கு 95 ஆயிரம் கூடுதலாகக் கொடுத்திருந்தேன், அதை எடுக்க 38 ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும். என் ஓட்டத்துக்கு அது இரண்டேகால் வருடத்தில் முடிந்துவிட்டது. மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு எட்டு வருடம் ஆகும், அதற்குள் வண்டியே மாற்றிவிடுவார்.

இதில் யாரும் சொல்லாத ஒன்று: என் வண்டி எப்போதும் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகும், என்ஜின் கொஞ்சம் சூடான பிறகுதான் தானாகக் கேஸுக்கு மாறும். அதனால் பால் வாங்க, பிள்ளையை ட்யூஷனில் விட என்று சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டுகிறவர்களுக்கு நினைத்த அளவு மிச்சம் வராது. டாடா வண்டிகள் கேஸிலேயே ஸ்டார்ட் ஆகும் என்கிறார்கள், உள்ளூர் ஓட்டம் அதிகம் உள்ளவர்கள் அதையும் பார்க்கலாம்.

இப்போது தலைவலிக்கு வருவோம். கேஸ் பங்கில் நிற்கும் நேரம். 60 லிட்டர் சிலிண்டர் என்று காகிதத்தில் இருக்கும், அது தண்ணீர் பிடிக்கும் அளவு, கேஸாக உள்ளே போவது ஏழரை, எட்டு கிலோதான், எனக்கு மூன்று நாளைக்கு ஒருமுறை போட வேண்டும். அதுவும் பிரஷர் இருந்தால். கேஸ் இங்கே 200 பார் அழுத்தத்தில் ஏறுகிறது. குழாயில் நேரடியாக வராமல் லாரியில் சிலிண்டர் அடுக்கைக் கொண்டுவந்து வைக்கிற பங்குகளில், முன்னால் பத்து ஆட்டோ போட்டுவிட்டுப் போனால் அந்த அடுக்கில் அழுத்தம் குறைந்துபோகும், நம் முறை வரும்போது ஐந்து கிலோவோடு நின்றுவிடும். கிலோ கணக்கில்தான் காசு என்பதால் பணம் நஷ்டமில்லை, ஆனால் மறுநாளே திரும்ப வரிசையில் நிற்க வேண்டும். மத்தியான வெயிலிலும் இதே கதை, சூட்டில் கேஸ் விரிந்து சீக்கிரமே 200 பார் காட்டிவிடும், எடை ஏறியிருக்காது. ஆட்டோக்காரர்களிடம் கற்றுக்கொண்டது: காலை ஆறு மணிக்கு முன்னால் போ, இல்லை ராத்திரி பத்துக்கு மேல் போ, வரிசையில் சேர்வதற்கு முன்பே "அண்ணே, பிரஷர் இருக்கா?" என்று ஒரு குரல் கொடு. "லாரி வரல சார்" என்று பதில் வந்தால் நிற்காதே. இந்த ஒரு பழக்கம் எனக்கு மிச்சப்படுத்திய நேரம் கொஞ்சநஞ்சமில்லை. கேஸ் போடும்போது வண்டியில் இருக்கிற எல்லோரும் இறங்க வேண்டும், தூங்குகிற குழந்தையையும் சேர்த்துத்தான்.

சிலிண்டர் வைத்ததில் டிக்கி போயிற்று. ஊருக்குப் போகும்போது இரண்டு பை, ஒரு அரிசி மூட்டை என்றால் பின் சீட்டில்தான். டாடாவில் சிலிண்டரை இரண்டாகப் பிரித்து டிக்கியின் தரைக்குக் கீழே வைத்திருப்பதால் அங்கே இந்தப் பிரச்சினை குறைவு. சிலிண்டர் எடையால் வண்டி நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கனம் கூடியிருக்கிறது, என்ஜின் சக்தியும் கேஸில் பத்து குதிரைத்திறன் குறைகிறது. நாலு பேர், ஏசி, மேம்பாலம் மூன்றும் சேர்ந்தால் இரண்டாம் கியருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். லாரியை ஓவர்டேக் செய்யப் போகும் முன் பெட்ரோலுக்கு மாற்றிவிடுவேன், சுவிட்ச் ஒன்றுதான்.

வெடிக்குமா என்று மாமியார் இன்னும் கேட்கிறார். சிஎன்ஜி காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போய்விடும், தரையோடு தேங்குகிற எல்பிஜி (சமையல் கேஸ்) போல இல்லை. அதற்காக மெக்கானிக் கடையில் சல்லிசாகக் கிட் மாட்டிக்கொள்வதை நான் ஆதரிக்க மாட்டேன், ஆர்சி புத்தகத்தில் ஏற்றாமல் ஓட்டினால் விபத்து இழப்பீடு கேட்கும்போது சிக்கல்தான்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. கேஸ் எரிய வலுவான பொறி வேண்டும், அதனால் ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் தள்ளிப்போடுவதில்லை. டயர் காற்று பத்து நாளுக்கு ஒருமுறை, இந்தக் கனத்துக்குப் பின்பக்க டயர் சீக்கிரம் அமுங்கிவிடுகிறது. பெட்ரோல் டேங்க்கில் ஐந்து லிட்டராவது வைத்துக்கொண்டு வாரத்தில் ஒருநாள் பெட்ரோலில் ஓட்டுகிறேன், மாதக்கணக்கில் கிடந்தால் பெட்ரோல் கெட்டுவிடும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து பெட்ரோல் மைலேஜ் இன்னும் கொஞ்சம் சறுக்கியிருக்கிறது, எத்தனாலில் எரிசக்தி குறைவு, அதனால் கேஸுக்கு ஓடுவதில் லாபம் கூடத்தான் செய்கிறது.

பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்பும்போது மட்டும் ஜிஎஸ்டி சாலையில் கேஸ் வரிசையைப் பார்ப்பதே இல்லை. முந்தின நாள் ராத்திரியே நிரப்பிவிட்டு, அது தீர்ந்ததும் மதுரை வரை பெட்ரோல்தான். அந்த ஒருநாள் மிச்சத்துக்காக வெயிலில் ஒன்றரை மணி நேரம் நிற்க வீட்டில் யாரும் தயாராக இல்லை, நானும்தான். அடுத்த மாதம் சிலிண்டருக்கு மூன்று வருட ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் ஏற்றி அழுத்தம் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை) வருகிறது, தேதி தாண்டினால் பங்கில் கேஸ் போட மாட்டார்கள். பூந்தமல்லி பக்கம் அதை எங்கே செய்கிறார்கள், வண்டியை எத்தனை நாள் விட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.