படுக்கையருகே ஒரு புரோகால்சிட்டோனின் கருவி

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில், ரத்தத்தில் புரோகால்சிட்டோனின் என்ற புரதத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். இரவுப் பணியில் அதனோடு மல்லுக்கட்டுகிறவன் நான். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பேன். விற்பனையாளர் சொல்லும் காரணத்துக்காக மட்டும் வேண்டாம்.

'செப்சிஸை (தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினை காட்டி உறுப்புகள் பழுதாகும் நிலை) உடனே பிடித்துவிடும்' என்பது அவர் பேச்சு. பாக்டீரியா தொற்றில் இந்தப் புரதம் சுமார் 4 மணி நேரத்தில் ரத்தத்தில் தலைகாட்டி, ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போகும் என்பது உண்மைதான். நலமாக இருப்பவரிடம் மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராம்கூட இராது, 0.5ஐத் தாண்டினால் சந்தேகம், 2ஐத் தாண்டினால் கவலை, 10ஐத் தாண்டினால் பெரும்பாலும் உறுப்புகள் தள்ளாடத் தொடங்கியிருக்கும். ஆனால் பெரிய அறுவை சிகிச்சை, தீக்காயம், பலத்த அடி எல்லாமே இதே எண்ணை ஏற்றிவிடும். குடல் அறுவை முடிந்து வந்த ஒருவருக்கு முதல் இரவு 6.2 காட்டித் திரை சிவந்தது. ஆளோ தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். காய்ச்சல் இல்லை, திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறும் லாக்டேட்டும் 1.3 என இயல்பாகவே இருந்தது, சிறுநீர் தாராளமாகப் போனது. மருந்தை மாற்றாமல் காத்திருந்தோம். மறுநாள் 3.1, அதற்கடுத்த நாள் 1.5. தொற்று இல்லாதபோது நாளுக்கு ஏறக்குறைய பாதியாக இறங்குவதே இதன் சுபாவம்.

கருவி தன் விலைக்கு வேலை செய்வது ஆன்டிபயாடிக்கை நிறுத்தும் நேரத்தில். நோயாளி தேறிவருகிறார், எண்ணும் உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கிவிட்டது அல்லது 0.5க்குக் கீழ் வந்துவிட்டது என்றால், துணிந்து நிறுத்துகிறோம். 2021இல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதலும், மருந்தைத் தொடங்க இதை நம்பாதீர்கள், நிறுத்தத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறது. அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் புரதமான சி.ஆர்.பி. இந்த வேலைக்குச் சற்று மந்தம். உச்சம் தொடவே இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும்.

செப்சிஸில் நோய் எதிர்ப்பு சக்தி களைத்துப்போவதை இந்தக் கருவி காட்டாது. அதற்கு வழக்கமான ரத்த எண்ணிக்கை அறிக்கையில் பலரும் தாண்டிப்போகும் லிம்போசைட் (ஒருவகை வெள்ளை அணு) வரியைப் பாருங்கள். செப்சிஸ் தொடங்கி நான்கைந்து நாள் கழித்தும் மைக்ரோலிட்டருக்கு 1000ஐ எட்டாதவர்களுக்கு இரண்டாவது தொற்று வரும் அபாயம் கூடுதல். புரோகால்சிட்டோனின் அழகாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

குறைகளும் உண்டு. வெப்பத்தாளில் அச்சாகும் முடிவு சீக்கிரமே வெளிறிவிடுவதால், கேஸ் ஷீட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில்) கையால் எழுதிக்கொள்கிறோம். அதைவிடப் பெரிய குறை, புதிய எண் பெரிதாகச் சிவப்பில் வர, நேற்றைய எண் மூன்று பக்கங்கள் தள்ளி ஒளிந்திருப்பது. இறக்கத்தைப் பார்க்கத்தானே கருவியே! அடுத்த மென்பொருளில் சரிசெய்வதாக நிறுவனம் சொல்கிறது. நீங்கள் வாங்குவதாக இருந்தால், முந்தைய அளவுகளைச் சேர்த்துக் காட்டும் வசதி இருக்கிறதா என்று செய்துகாட்டச் சொல்லிப் பார்த்தபிறகு கையெழுத்துப் போடுங்கள்.