லூக்கனில் ஏழு வருடம்: வீடு, பஸ், டாக்டர், ஆறு

அயர்லாந்தின் டப்ளினில் வேலை கிடைத்தவர்கள் வீடு தேடும்போது, நகரத்துக்கு மேற்கே இருக்கும் புறநகரான லூக்கன் எப்படி என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். 2018-இல் குடும்பத்தோடு இங்கே வந்தேன். முதல் மூன்று வருடம் பழைய வில்லேஜ் பக்கம், அப்புறம் இன்றுவரை லூக்கனின் புதுக் குடியிருப்பான ஆடம்ஸ்டவுன். இரண்டு இடத்திலும் எயிர்கோடு, அதாவது அஞ்சல் குறியீடு, கே78 என்றுதான் தொடங்கும், ஆனால் வாழ்க்கை வேறு வேறு.

முதலில் வீடு. விளம்பரத்தில் வாடகைக்குப் பக்கத்திலேயே பெர் என்று ஒரு எழுத்து போட்டிருப்பார்கள், ஏ முதல் ஜி வரை, வீடு எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதற்கான மதிப்பீடு அது. நான் அதைப் பார்க்காமல் டி வீடு ஒன்றைப் பிடித்துவிட்டேன். நவம்பர் வந்ததும் தினமும் காலையில் படுக்கையறை ஜன்னல் உள்பக்கம் தண்ணீர் வழியும், துண்டை வைத்துத் துடைத்துப் பிழிந்தால் அரை டம்ளர் தேறும். ஒரு நாள் அலமாரியை நகர்த்தினால் சுவர் முழுக்கக் கருப்பாகப் பூஞ்சை, குழந்தையின் ஸ்வெட்டரிலும் அதே வாசனை. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார், வெளியே இரண்டு டிகிரி. இப்போது இருப்பது ஏ2 வீடு, வாடகை கூடுதல்தான், ஆனால் இங்கே மாறிய வருடத்திலிருந்து பையனுக்கு இருமல் குறைந்துவிட்டது. எனக்கு அது போதும்.

போக்குவரத்தில் லூக்கனுக்கு நல்ல மார்க் போடுவேன். 2021 நவம்பரில் பஸ் தடங்களை மாற்றி சி1, சி2 என்று ஆடம்ஸ்டவுனிலிருந்து நகரத்துக்கு விட்ட பிறகு, நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்குப் போகும் பழக்கம் வந்துவிட்டது. லீப் கார்டு என்ற பயண அட்டையைத் தட்டினால் பெரியவர்களுக்கு 2 யூரோ, 90 நிமிடத்துக்குள் வேறு பஸ்ஸோ லுவாஸ் டிராமோ மாறினாலும் அதே காசுதான். இறங்கும்போது எல்லோரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார்கள், நம் பிள்ளைகளும் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். காரில் போகிறவர்கள் மட்டும் காலையில் என்4 சாலையிலும் எம்50 சந்திப்பிலும் வரும் நெரிசலைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடம்ஸ்டவுன் ரயில் நிலையம் 2007-இலேயே திறந்துவிட்டார்கள், வீடுகள் பெருகுவதற்கு முன்னால் ரயில் வரவேண்டும் என்பதுதான் இந்த ஊரின் திட்டமே. அடுத்த வருடம் பொருளாதாரம் சரிந்ததும் கட்டுமானம் நின்றுபோய், பல வருடம் ரயில் நிலையம் இருந்தது, சுற்றி வெறும் புல்வெளி. நான் வந்தபோதுகூட ஒரு பக்கம் கிரேன், மறுபக்கம் களை. நகரத்தின் ஹியூஸ்டன் ரயில் நிலையம் வரை சுமார் கால் மணி நேரம். 2016 முதல் சில ரயில்கள் பீனிக்ஸ் பார்க் சுரங்கம் வழியாக நகர மையத்தின் கானலி, கிராண்ட் கெனால் டாக் நிலையங்கள் வரை நேராகப் போகின்றன, அந்தப் பக்கம் ஐடி அலுவலகத்தில் வேலை என்றால் பெரிய வசதி. ஆனால் பஸ் அளவுக்கு அடிக்கடி கிடையாது, நேரத்தைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

குறை என்றால் டாக்டர். ஜிபி எனப்படும் குடும்ப டாக்டர் இல்லாமல் இங்கே எதுவும் நகராது, ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க வேண்டுமென்றாலும் அவர் கடிதம் வேண்டும். வந்த புதிதில் ஆறு கிளினிக்குக்குப் போன் செய்தேன், ஆறிலும் புது ஆட்களைச் சேர்ப்பதில்லை என்றே பதில். நான்கு மாதம் கழித்துத்தான் ஓர் இடம் கிடைத்தது, அதற்குள் மகளுக்கு இரண்டு தடவை காய்ச்சல் வந்து முன்பின் தெரியாத டாக்டரிடம் ஓடினோம். 2023 முதல் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஜிபி இலவசம், பதிவு செய்துகொண்டால் போதும். பெரியவர்கள் ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டும், நான் கடைசியாகக் கொடுத்தது 60 யூரோ. வந்து இறங்கிய வாரமே, உடம்பு நன்றாக இருக்கும்போதே தேட ஆரம்பித்துவிடுங்கள்.

நூலகத்தைச் சொல்லாமல் விட முடியாது. உறுப்பினராகக் கட்டணம் இல்லை, 2019 முதல் தாமதத்துக்கு அபராதமும் இல்லை, ஒரே அட்டையில் நாடு முழுக்கப் புத்தகம் எடுக்கலாம். மழை நாளில் பிள்ளைகளை வேறு எங்கே கூட்டிப்போவது? மளிகைக்குக் கவலை இல்லை, கறிவேப்பிலை, இட்லி அரிசி எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கிறது, கேரள நர்ஸ் குடும்பங்கள் நிறைய இருப்பதால்.

இந்த ஊரை விட்டுப் போகாமல் இருப்பதற்கு என் காரணம் லிஃபி ஆறு. வில்லேஜிலிருந்து நடந்தால் சில நிமிடத்தில் 1814-இல் கட்டிய ஒற்றை வளைவுக் கல்பாலம், அதற்குப் பக்கத்தில் தண்ணீர் சரிந்து விழும் தடுப்பணை. அணையின் ஓரத்தில் சாம்பல் நாரை ஒன்று ஒற்றைக் காலில் நிற்கும், பத்து நிமிடம் அசையாது, சட்டென்று கழுத்தை நீட்டும், அவ்வளவுதான், மீன் உள்ளே. என் மகள் அதைப் பார்ப்பதற்காகவே சனிக்கிழமை சீக்கிரம் எழுவாள். செயின்ட் கேத்தரின்ஸ் பார்க் சுமார் 200 ஏக்கர், ஆற்றங்கரையோடு காடும் புல்லுமாகப் போகும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் சாப்பிட்டுவிட்டுக்கூட நடந்துவிட்டு வரலாம். டிசம்பரில் நாலேகாலுக்குள் சூரியன் போய்விடும், முதல் வருடம் என் மனைவிக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வைட்டமின் டி மாத்திரையும் மதிய நேர நடையும் உதவின.

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வேலை நாளில், காலை எட்டு மணிக்கு, முடிந்தால் மழையில் வந்து அந்த வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒரு தடவை நடந்து பாருங்கள். அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் தொட்டுப் பாருங்கள்.