பழைய ஆர்எக்ஸ்-1இல் எம்-10 சஸ்பென்ஷன்: பல குளிர்காலங்கள் ஓட்டிய பிறகு

மேடும் பள்ளமுமான பனிப்பாதையில் இடுப்பு நாரி நோகாமல் நாள் முழுவதும் ஓட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, பனியில் ஓட்டும் என் யமஹா ஆர்எக்ஸ்-1 ஸ்னோமொபைலின் பின்பக்க சஸ்பென்ஷனை (அதிர்வைத் தாங்கும் அமைப்பை) முழுவதுமாகக் கழற்றிவிட்டு எம்-10 என்ற வேறொரு சஸ்பென்ஷனைப் பொருத்தினேன். பொருத்திய புதிதில் எதுவும் நன்றாகத்தான் தோன்றும். செலவழித்த பணமும் பட்ட பாடும் நம் வாயால் பேசும். அதனால் எழுதுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது ஒன்ராறியோவின் பல குளிர்காலங்களை அந்த வண்டி பார்த்துவிட்டது. கிடைத்தது எது, விட்டுக்கொடுத்தது எது என்று நிதானமாகச் சொல்ல முடியும்.

முதலில் வண்டியைப் பற்றி. ஆர்எக்ஸ்-1, 2003ஆம் ஆண்டு மாடலாக வந்தது. ஆர்1 மோட்டார் சைக்கிளின் வழிவந்த 998 சிசி என்ஜின்; நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வால்வு. ஸ்னோமொபைல் என்றாலே டூ-ஸ்ட்ரோக் புகைதான் என்றிருந்த காலத்தில் இப்படியொரு ஃபோர்-ஸ்ட்ரோக் வந்தது பெரிய துணிச்சல். என் வண்டியின் என்ஜின் இன்றும் கடுங்குளிர்க் காலையில் பட்டனைத் தொட்டதும் எழுந்துகொள்கிறது. யமஹாவோ 2025 மாடலோடு வட அமெரிக்காவில் ஸ்னோமொபைல் விற்பனையை முடித்துக்கொள்வதாக 2023இல் அறிவித்துவிட்டது. இன்னொரு நிறுவனத்தின் புதிய வண்டியை வாங்கப் போனால் 15,000 டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். இவ்வளவு நல்ல என்ஜினை வைத்துக்கொண்டு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

வண்டியோடு வந்த சஸ்பென்ஷனைக் குறை சொல்ல மாட்டேன். அது முடுக்கிப் பறக்க விரும்புகிறவருக்காக அமைந்தது. அந்த வேலையைச் செவ்வனே செய்தது. என் ஓட்டம் வேறு வகை. ரொறன்ரோவிலிருந்து வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு பரி சவுண்ட், ஹாலிபர்ட்டன் பக்கம் போய், காலையிலிருந்து அந்தி வரை பாதைகளில் சுற்றிவிட்டு வருவேன். ஒன்ராறியோவில் பாதைகளின் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் முதுகு தாங்குகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

பின்பக்கத்தைக் குனிந்து பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். பின்னால் சில்லுக்குப் பதிலாகச் சுழன்று வண்டியைத் தள்ளும் ரப்பர் ட்ராக் வளையத்துக்குள் இரண்டு நீண்ட அலுமினிய ரெயில்கள் இருக்கும். அவற்றின் அடியில் ஹைஃபாக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் பிளாஸ்டிக் பட்டை. ட்ராக் அதில்தான் வழுக்கி ஓடும். முன்கை, பின்கை என்ற இரண்டு இணைப்புகள் ரெயில்களை வண்டியின் உடலோடு பிணைக்கும். அவற்றோடு துள்ளலை அடக்கும் ஷாக், ஸ்பிரிங், சிறு சில்லுகள். இந்தத் தொகுதி முழுவதையும் ஸ்கிட் என்கிறோம். பக்கத்துக்கு இரண்டாக நான்கு போல்ட்டுகளில்தான் அது வண்டியோடு நிற்கிறது.

இனி மேடுகள். இரவில் குரூமர் இயந்திரம் இழுத்துச் சமப்படுத்திய பாதை, விடிவதற்குள் குளிரில் இறுகிவிடும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதில் ஓடுவது பெரிய சுகம். பிற்பகல் இரண்டு மணிக்கு அதே பாதையில் திரும்பி வந்தால், முடுக்கியவர்களும் பிரேக் பிடித்தவர்களும் சேர்ந்து முழங்கால் உயரத்துக்கு மேடுகளை எழுப்பியிருப்பார்கள். வீதியைக் கடக்கும் இடங்களுக்கு முன்னும் பின்னும் இது மிக மோசம். பழைய ரயில் பாதைகளின் மேல் அமைந்த தடங்களிலும் அப்படித்தான். மர வியாபாரி ஜே. ஆர். பூத் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போட்ட ரயில் பாதையின் தடத்தில் இன்றைய செகுவின் பாதை போகிறது. காடும் ஏரிகளுமாக அழகான வழி. ஆனால் ரயிலுக்காக நேராக வெட்டிய தடம் என்பதால் மேடுகள் தொடங்கினால் லேசில் முடியாது.

ஒரு மேட்டில் நடப்பதை மெதுவாக்கிப் பாருங்கள். ட்ராக்கின் முன்பகுதி ஏறும்போது முன்கை மடங்குகிறது. இது முதல் அடி, பெரும்பாலும் தாங்கிவிடலாம். மேடு பின்னோக்கி நகர்ந்து பின்கையின் அடியில் வரும்போது, அழுந்திய ஸ்பிரிங் விசையைத் திருப்பித் தருகிறது. இருக்கை எழும்பி உட்கார்ந்திருப்பவரை மேலே தள்ளுகிறது. அவர் கீழே வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. நாரியை உடைப்பது இந்த இரண்டாவது அடிதான்.

மென்மையான ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சின்ன அதிர்வுகளுக்கு அது உதவும். பெரிய பள்ளத்திலோ சஸ்பென்ஷனின் பயணம் முழுவதும் தீர்ந்து இரும்போடு இரும்பு முட்டும். அந்த அடி தலைவரைக்கும் ஏறும். கைகள் எந்தக் கோணத்தில் மடங்குகின்றன, ஷாக் எவ்வளவு தூரத்துக்கு வேலை செய்கிறது, பின்னெழுச்சியை எது அடக்குகிறது என்பவைதான் சவாரியின் மென்மையைத் தீர்மானிக்கின்றன. ஸ்பிரிங்கைத் தளர்த்துவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

எம்-10ஐ உருவாக்கியவர்கள் மினசோட்டாவின் எவ்லெத் ஊரைச் சேர்ந்த ஃபாஸ்ட் நிறுவனத்தார். ஒரு காலத்தில் பொலாரிஸ் என்ற ஸ்னோமொபைல் நிறுவனம் தன் சில மாடல்களில் தொழிற்சாலையிலேயே இதைப் பொருத்தி விற்றது. ஆகவே பழைய பொருள் சந்தையில் தேடினால் கிடைக்கும். ஷாக்குகள் நன்றாகச் சாய்ந்து கிடக்கும். ஒரு முனை அடிவாங்கினால் மறுமுனையும் சேர்ந்து எழும். அதனால் ரெயில்கள் தனித்தனியே துள்ளாமல் ஒன்றாக மேலே வருகின்றன. ஓட்டுபவரின் எடைக்கேற்பப் பின் ஷாக்கின் கோணத்தை மாற்றும் அமைப்பொன்றும் உண்டு. எஃப்ஆர்ஏ என்று அதைச் சொல்வார்கள். எனக்கு இதன் உயிர்நாடியே அதுதான்.

நான் வாங்கியது 121 அங்குல ட்ராக்குக்கான பழைய ஸ்கிட். ட்ராக்கை மாற்றவில்லை. இதைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது; பின்னால் வருகிறேன்.

பொருத்தும் வேலையில் அதிகம் பாடுபடுத்தியது துளையிடும் இடம்தான். பழைய ஸ்கிட்டைக் கழற்றுவது எளிது: ட்ராக்கைத் தளர்த்தி, வண்டியின் பின்பக்கத்தைக் கராஜின் உத்தரத்தில் தூக்கிக் கட்டி, நான்கு போல்ட்டுகளையும் எடுத்தால் கையோடு வந்துவிடும். புதியதின் கைகள் பழைய துளைகளில் பொருந்தா. ட்ராக்கை இழுத்துச் சுழற்றும் முன்பக்க அச்சின் மையத்திலிருந்து இத்தனை அளவு பின்னால், இத்தனை அளவு கீழே என்று குறித்து, சுரங்கம் போன்ற அலுமினிய உடலின் இருபுறமும் புதிதாகத் துளையிட வேண்டும். வலமும் இடமும் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் ட்ராக் ஒரு பக்கமாகத் தேயத் தொடங்கும். அட்டையில் வார்ப்பு வெட்டி, அதையே மறுபுறமும் வைத்துக் குறித்தேன். என்ஜின் நீரைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் அதே உடலுக்குள்தான் இருக்கிறது. அதன் எல்லையைத் தடவிப் பார்க்காமல் யாரும் துளைக்கருவியைத் தொட வேண்டாம். துளைகளைச் சுற்றி உட்புறம் தடித்த தகடு வைத்து வலுப்படுத்துவதும் கட்டாயம். அந்த நான்கு புள்ளிகள்தான் வண்டியின் முழுப் பாரத்தையும் வாங்குகின்றன.

சேர்ந்து ஓட்டும் எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். கராஜில் வந்து என் குறிகளைப் பார்த்துவிட்டு, “தம்பி, மூன்று தரம் அளந்தீர்களா? நான்காம் தரம் நான் அளக்கிறேன், நீங்கள் எழுதுங்கள்” என்றார். அளந்தோம். அந்தப் பொறுமைக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். ட்ராக் இன்றுவரை நடுவில்தான் ஓடுகிறது.

பொருத்திய பிறகுதான் உண்மையான வேலை. எம்-10 போட்டும் சுகமில்லை என்பவர்களின் வண்டிகளில் ஏறிப் பார்த்திருக்கிறேன். வாங்கிய நாளில் இருந்த நிலையிலேயே விட்டிருப்பார்கள். முதலில் அளக்க வேண்டியது சாக், அதாவது உட்கார்ந்தவுடன் வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பது. பின் பம்பரைத் தூக்கி, சஸ்பென்ஷன் முழுதாக நீண்ட நிலையில் தரையிலிருந்து உயரத்தை அளக்க வேண்டும். பிறகு தலைக்கவசம், சப்பாத்து, குளிர் உடை எல்லாம் அணிந்து, வழக்கமாக எடுத்துப் போகும் பையோடு உட்கார்ந்து மறுபடி அளக்க வேண்டும். எனக்கு மூன்றரை அங்குல வித்தியாசம் பொருந்தியது. அதைவிடக் குறைவாக இருந்தபோது மேடுகளின் தலையை மட்டும் தட்டிக்கொண்டு ஓடியது. அதிகமானபோது பள்ளத்தில் முட்டியது. எஃப்ஆர்ஏவில் ஒரு சிறு நகர்வுகூட இருக்கையில் தெரிகிறது. எரிபொருள் கேனும் கருவிப்பையும் பின்னால் கட்டும் நாளில் ஒரு படி ஏற்றிவிட்டுத்தான் கிளம்புவேன்.

சவாரிக்கு வருகிறேன். வீதிக் கடவைக்கு முன் உள்ள அந்தக் கெட்ட மேடுகளில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது முன்னால் ஸ்கீகள் என்ற சறுக்குப் பலகைகள் ஏறி இறங்குவது கைப்பிடியில் தெரிகிறது. முழங்கால் லேசாக மடிகிறது. இருக்கையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த இரண்டாவது அடியை எதிர்பார்த்து உடம்பு தானாக விறைக்கும், அடி வராது. முன்பெல்லாம் மேடுகளைக் கண்டதும் எழுந்து நின்று ஓட்டுவேன். இப்போது உட்கார்ந்தே கடக்கிறேன். பிற்பகலில் பெட்ரோல் நிலையத்தில் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர வேண்டிய நிலை போய்விட்டது. இதற்காக இன்னும் இரண்டு மடங்கு வேலை இருந்தாலும் செய்வேன்.

விட்டுக்கொடுத்தவையும் உண்டு. முடுக்கினால் எடை பின்னுக்குப் போய் ஸ்கீகள் மேலெழும் அந்த உற்சாகம் பெரிதும் குறைந்துவிட்டது. வண்டி தட்டையாகவே கிளம்புகிறது, வளைவுகளையும் தட்டையாகவே எடுக்கிறது. உட்பக்க ஸ்கீ தூக்காததால் வளைவில் நம்பிக்கை கூடியது. ஆனால் முன்பாரம் எப்போதும் ஸ்கீகளில் இருப்பதால் ஸ்டீயரிங் கனமாகிறது. இந்த ஃபோர்-ஸ்ட்ரோக்கின் எடை வேறு முன்னால்தான் இருக்கிறது. முன்கை எவ்வளவு கீழே இறங்கலாம் என்று கட்டுப்படுத்தும் முன் லிமிட்டர் வாரை ஒரு துளை தளர்த்தியதும் கனம் தாங்கக்கூடிய அளவுக்கு வந்தது. ஆழமான புதுப்பனியில் ஏறி விளையாட நினைப்பவர்களுக்கு இந்த மாற்றத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பராமரிப்பைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பகிர்வு அரைகுறையாகிவிடும். எம்-10க்குக் கிரீஸ் நிறைய வேண்டும். அசையும் ஒவ்வொரு குறுக்கு அச்சிலும் கிரீஸ் முனை இருக்கிறது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும், வண்டி கராஜில் உருகி நீர் சொட்டி ஓய்ந்ததும், கிரீஸ் துப்பாக்கியோடு உட்கார்ந்துவிடுவேன். முதலில் தண்ணீரும் அலுமினியத் தூளும் கலந்த சாம்பல் நிறக் குழம்பு வெளியே வரும். நிறம் தெளிந்து புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அழுத்த வேண்டும். கடுங்குளிரில் இறுகாத வகைக் கிரீஸ் அவசியம். இதைத் தவறாமல் செய்து வருவதால் அச்சுகளைத் தாங்கும் உறைகளான புஷ்கள் இன்னும் ஆட்டமில்லாமல் இருக்கின்றன.

ஹைஃபாக்ஸ் பட்டைக்குப் பனிதான் மசகு. பாதை பனிக்கட்டியாக இறுகிக் கிடக்கும் நாளில் பட்டை சூடாகித் தேய்ந்துவிடும், என்ஜினும் சூடேறும். பனியைக் கீறி மேலே வாரியிறைக்கும் ஐஸ் ஸ்கிராட்சர்களை ரெயில்களில் பொருத்தியிருக்கிறேன். எம்-10 இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபோர்-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் அவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஷாக்குகளைத் திறந்து எண்ணெயும் சீலும் மாற்றி, நைட்ரஜன் வாயுவைத் திரும்ப அடைத்து வாங்கினேன். அந்த வேலை முடிந்த வாரம் வண்டி மறுபடி புதிதாக ஓடியது. பிற்பகலில் மட்டும் சவாரி கரடாகிறது என்றால் ஷாக் எண்ணெய் களைத்துவிட்டது என்று அர்த்தம். எஃப்ஆர்ஏவைத் திருகிப் பயனில்லை.

ட்ராக் நீளத்துக்கு வருகிறேன். நண்பரின் 137 அங்குல வண்டியை ஒரு பிற்பகல் மாற்றி ஓட்டிப் பார்த்தேன். நீண்ட ட்ராக் இரண்டு மேடுகளின் தலைகளையும் ஒருசேரத் தொட்டுக் கடப்பதால் பள்ளத்துக்குள் விழுவதே குறைகிறது. நெருக்கமான சிறு மேடுகளில் அந்த வண்டிக்கும் என் 121க்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அகன்ற பெரிய மேடுகளில் நீளம் வென்றது. ஆகவே புதிதாக வண்டி வாங்கப் போகிறவர் சுகத்தை நாடினால் முதலில் நீளமான ட்ராக்கைத் தேர்ந்தெடுக்கட்டும். கையில் இருக்கும் குட்டை ட்ராக் வண்டியை விட மனமில்லாதவருக்குத்தான் எம்-10 சரியான வழி.

இந்த வழியில் இறங்குமுன், உங்கள் வண்டியில் இருக்கும் சஸ்பென்ஷனையே ஒரு தரம் முழுதாகக் கவனித்துவிடுங்கள்: சாக் அளந்து, ஷாக்குகளைப் புதுப்பித்து, எல்லா முனைகளுக்கும் கிரீஸ் அடித்து ஓட்டிப் பாருங்கள். சிலருக்கு அதுவே போதும். அதன் பிறகும் முதுகு முறையிட்டால் பழைய ஸ்கிட் தேடலாம். வாங்கும்போது சில்லுகளைக் கையால் சுழற்றிப் பேரிங் கரகரக்கிறதா என்று கேளுங்கள். கைகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் புஷ் தேய்வைப் பாருங்கள். ஷாக் தண்டில் எண்ணெய்க் கசிவும் கீறலும் இருக்கிறதா, ரெயில்களில் முன்கை பொருந்தும் இடத்தைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் என்ன விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.