பென்சிலுக்கு ஒரு நோட்டு, தண்ணீருக்கு ஒரு நோட்டு

என் முதல் ஸ்கெட்ச் புத்தகத்தில் ஒரு தாள் இருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் மனசு சுருக்கென்கிறது. ஒரு புறம் பாட்டியின் வலது கை, 4பி பென்சிலில். நாற்பது வருஷம் பால் மரம், அதாவது ரப்பர் மரம், சீவிய கை, உளி பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய கட்டைவிரல். மறுபுறம் எண்ணெய் எடுக்கிற செம்பனையின் குலை ஒன்று, வாட்டர் கலரில். அந்தக் குலையின் செம்மஞ்சள் தாளுக்குள் ஊறி, பாட்டியின் மணிக்கட்டில் கறையாக வந்து நிற்கிறது. தாளும் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. பாட்டி போய் ஆறு வருஷமாகிறது. அந்தக் கையை இனிப் பார்த்து வரைய முடியாது.

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வரைய வரும் பிள்ளைகள், "ஒரே நோட்டு போதுமா, வேலைக்கு ஒன்றாக வாங்கணுமா?" என்று கேட்கும்போது எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வரும். ஆனாலும் பதிலை ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

ஒரே நோட்டு வைத்திருப்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கிளம்பும்போது எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டாம். நாள் வரிசையும் தன்னால் அமையும். பங்குனி உத்திரக் காவடி, அதற்கடுத்து இரவுச் சந்தையில் அப்பம் பாலிக் என்கிற இனிப்பு அப்பம் சுடுகிறவர், அதற்கும் அடுத்து ஆள் காலி செய்த லயத்து வீட்டின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், படிக்கட்டு என்று ஒரு வருஷம் முழுக்க ஒரே அட்டைக்குள் இருக்கும். தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பால் மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைக்கிறார்கள், செம்பனையைச் சாய்த்து வீடுகள் கட்டுகிறார்கள். இந்த வருஷம் பார்த்த நிரை அடுத்த வருஷம் இருக்குமா என்று சொல்ல முடியாது. எது முதலில் போனது, எது பிறகு போனது என்பதை ஒரே நோட்டு வரிசையாகச் சொல்லும். பல நோட்டாகப் பிரித்தால் அந்த வரிசை சிதறிவிடும். நான் பிரித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

அப்படியும் ஏன் பிரித்தேன்? தாள்தான் காரணம்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அப்படியானால் 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 5 கிராம், 300 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 18.75 கிராம். 40 தாள் கொண்ட நோட்டு என்றால் முதலாவது 200 கிராம். இரண்டாவது, அட்டையைச் சேர்க்காமலே 750 கிராம். மெல்லிய நோட்டைத் தூக்கிக்கொண்டு காடு முழுக்க நடக்கலாம், ஆனால் ஈரத் தூரிகை பட்டதும் நெளிந்துவிடும். கனத்த நோட்டு தண்ணீரைத் தாங்கும், ஆனால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரத் தோன்றும். நடுவில் 160, 200 ஜிஎஸ்எம்மில் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று விற்கிற நோட்டுகள் உண்டு. லேசாக ஒரு பூச்சு பூசலாம். வானம் முழுவதையும் ஈரத் தாளின் மேல் ஈர வண்ணமாகப் பூச நினைத்தால் தாள் குளம் கட்டும்.

கனம் மட்டும் பார்த்தால் போதாது. கரித்துண்டுக்குச் சொரசொரப்பான தாள் வேண்டும், அந்த மேடு பள்ளத்தில்தான் கரி பிடிக்கும். பேனாவுக்கு வழவழப்பு வேண்டும், இல்லாவிட்டால் முனை தட்டித் தட்டிப் போகும். வாட்டர் கலர் தாளில் ஜெலட்டின் போன்ற பசையை ஏற்றியிருப்பார்கள். அதுதான் வண்ணம் உடனே உள்ளே இறங்காமல் மேலேயே நிறுத்தி, நமக்கு இரண்டு நிமிஷம் கொடுக்கிறது. முழுப் பருத்தித் தாள் என்றால் கழுவித் துடைத்து மறுபடி பூசினாலும் தாங்கும். மரக்கூழ்த் தாளில் இரண்டாம் முறை தேய்த்தாலே பொறுக்குத் தட்டும்.

நம் ஊருக்கும் இந்தத் தொழிலுக்கும் இருக்கிற உறவை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாட்டர் கலரில் வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மறைக்கப் பூசுகிற திரவம் பெரும்பாலும் அம்மோனியா கலந்த ரப்பர் பாலேதான். தோட்டத்தில் பால் உறையாமலிருக்க ஊற்றுகிற அதே அம்மோனியா. முதல் முறை அந்தப் புட்டியைத் திறந்தபோது அடித்த வாசனையில் பாட்டியின் பால் வாளி கண் முன்னே வந்து நின்றது. பசை குறைந்த தாளில் இதைப் பூசினால், காய்ந்தபின் உரிக்கும்போது தாளும் சேர்ந்து பிய்ந்து வரும். பென்சில் கோட்டை ரப்பர் அழிக்கும் என்று ஜோசப் பிரீஸ்ட்லி எழுதிய வருஷம் 1770. அதற்கு முன்பு ரொட்டித் துணுக்கால்தான் அழித்தார்கள்.

சரி, பிரிப்பது என்றால் எப்படிப் பிரிப்பது? நான் முதலில் தலைப்பு வாரியாகப் பிரித்தேன். கோயிலுக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று, மரங்களுக்கு ஒன்று. நான்கு மாதம்கூட ஓடவில்லை. கோயில் வாசலில் அரச மரம் நிற்கிறது, மரத்தடியில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், எந்த நோட்டைத் திறப்பது? திறப்பதற்குள் ஆள் எழுந்து போய்விட்டார். பென்சில், வண்ணம் என்று வரைகிற சாமான் வாரியாகப் பிரித்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. தண்ணீர் படுமா, படாதா என்ற ஒரே கேள்வி போதும்.

படாததற்கு ஏ6 அளவில் 100 ஜிஎஸ்எம் நோட்டு, சட்டைப் பைக்குள் போகும். பால்பாயிண்ட், பென்சில், எல்லாம் அதில்தான். படுவதற்கு ஏ5 அளவில் 300 ஜிஎஸ்எம், 20 தாள்தான் இருக்கும். ஆங்கில ஓவியர் டர்னர் விட்டுச்சென்ற ஸ்கெட்ச் புத்தகங்கள் ஏறக்குறைய 300, லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கின்றன. அவரும் பயணத்தில் சின்ன நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டு, வண்ணத்தைப் பெரும்பாலும் பிறகு வைத்துக்கொண்டவர்தான்.

மூன்றாவதாக ஒரு மலிவு நோட்டு. இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். அக்கா மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பிறந்தநாளுக்கு நல்ல பருத்தித் தாள் நோட்டு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் பக்கம்கூட வெள்ளையாகவே இருக்கிறது. "ஏன்மா?" என்றேன். "கெட்டுப் போயிடும் மாமா" என்றாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒரு கோடில்லாத நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் முப்பது பூனை! முப்பதாவது பூனைக்கு முதுகெலும்பு இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அவளே நல்ல நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

கட்டுமானத்தைப் பொறுத்தவரை, நூலால் தைத்தது விரித்தால் தட்டையாகப் படுக்கும், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரையலாம். கம்பிச் சுருள் போட்டதை முழுக்க மடக்கிப் பிடிக்கலாம், நின்றுகொண்டு வரைகிறவர்களுக்குச் சௌகரியம். ஆனால் பக்கங்கள் ஒன்றோடொன்று உரசுவதால் கரி கலைந்துவிடும். வெறும் பசையில் ஒட்டியது நம் வெக்கைக்கு நிற்காது. உதிரித் தாளைக் கோப்பில் போட்டு வைக்கிறவர்களும் உண்டு. கரித்துண்டுக்கு அது சரி, மற்றபடி எனக்குத் தாள் தொலைந்துகொண்டே இருந்தது.

எத்தனை நோட்டு வைத்தாலும் இந்த ஈரக்காற்று எல்லாவற்றுக்கும் எதிரி. வாட்டர் கலர் தாளில் பூஞ்சை பிடித்தால் பசை செத்துவிடும், வண்ணம் விழுந்த இடத்தில் மை ஒற்றும் தாளில் விழுந்த மாதிரி பொத்தென்று இறங்கும். ராமபாணப் பூச்சி அந்தப் பசையைத் தேடியே வரும். அதனால் கனத் தாள் நோட்டை ஒன்றுக்கு மேல் வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். நான் என்னுடையதை மூடி இறுகும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன்.

நாள் வரிசை சிதறுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பக்கத்து மூலையிலும் தேதி. அதே நாளில் இன்னொரு நோட்டிலும் வரைந்திருந்தால் அதன் பக்க எண்ணும். போன மாதம் கோலா கங்சாருக்குப் போயிருந்தேன். 1877-இல் அங்கே நட்ட 9 ரப்பர் கன்றுகளில் மிஞ்சிய ஒரு மரம் இன்னும் நிற்கிறது. பட்டையின் முடிச்சுகளைச் சின்ன நோட்டில் பேனாவால் போட்டேன், பக்கம் 31. மழை வருவதற்குள் இலைக்கு நடுவே விழுந்த வெளிச்சத்தை ஈர நோட்டில் பூசினேன், பக்கம் 9. 31-இன் மூலையில் "ஈரம் 9" என்றும், 9-இன் மூலையில் "சின்னது 31" என்றும் எழுதியிருக்கிறேன். பாட்டியின் கை இருக்கும் தாளின் மூலையிலும் தேதி போட நினைத்தேன். மாதம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது, அதை எழுதி வைத்தேன்.