கொடைக்கானலில் எங்கே ரூம் எடுக்கலாம்: ஏழுரோடு பக்கத்து லாட்ஜ் அனுபவம்

இரண்டு ராத்திரி தங்கத்தான் கொடைக்கானல் போகிறீர்கள், அதுவும் பஸ்ஸில் போகிறீர்கள், கூடவே வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றால், யார் என்ன சொன்னாலும் ஊருக்குள்ளேயே ரூம் எடுங்கள். நாங்கள் அம்மாவோடு ஊருக்குள் இருக்கிற ஏழுரோடு சந்திப்புப் பக்கம், கோக்கர்ஸ் வாக் என்கிற பள்ளத்தாக்கு ஓர நடைபாதைக்குப் போகிற வழியில் ஒரு பழைய லாட்ஜில் தங்கினோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை. அந்தப் பக்கம் இதே தினுசில் நிறைய லாட்ஜ் இருக்கிறது, இங்கே சொல்வதில் முக்கால்வாசி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஊருக்குள் தங்குவதில் பெரிய லாபம் பனிமூட்டம் விலகுகிற நேரம் நம் கைக்கு வருவதுதான். கோக்கர்ஸ் வாக்கிலிருந்து பள்ளத்தாக்கு எப்போது தெரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் காலையில் தெளிவாக இருக்கும், மதியத்துக்கு மேல் மூடிவிடும், திடீரென்று சாயங்காலம் கொஞ்ச நேரம் திறக்கும். பக்கத்தில் ரூம் இருந்தால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காட்டேஜ் எடுத்தவர்களுக்கு இது வாய்க்காது. அந்த ஊர்கள் அழகுதான், நான்கைந்து நாள் கையில் இருந்தால் கட்டாயம் அங்கே தங்குங்கள், ஆனால் இரண்டே நாளில் ஏரிக்கும் பிரையண்ட் பூங்காவுக்கும் மலைப்பாதையில் போய்வந்து கொண்டிருந்தால் பாதி நேரம் வண்டியிலேயே கழிந்துவிடும். வட்டக்கானல் இளவட்டங்களுக்குச் சரி. அங்கே இருக்கிற ஏற்ற இறக்கம் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது.

இப்போது ரூம் விஷயம். இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் போட்டோவில் இது தெரியவே தெரியாது. மலைச்சரிவில் கட்டிய கட்டடங்களில் ரோட்டு மட்டத்தில் ரிசப்ஷன் இருக்கும், ரூம்களுக்குப் படியில் கீழே இறங்கிப் போகவேண்டும். கீழே போகப் போக பின்பக்கச் சுவர் மண்ணை ஒட்டியே இருப்பதால் வெயிலும் கிடையாது, காற்றும் கிடையாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை பெய்கிற மாதங்களில் அந்தச் சுவரைத் தொட்டாலே கை நனையும், மெத்தையும் ரஜாயும் ஈர வாடை அடிக்கும். எங்களுக்கும் முதலில் அப்படி ஒரு ரூமைத்தான் காட்டினார்கள். அம்மா பாதிப் படியிலேயே நின்று, "தம்பி, இதுல ஏறி எறங்க என்னால ஆகாதுப்பா" என்றதும் மேனேஜர் மறுபேச்சு பேசாமல் ரோட்டு மட்டத்திலேயே, காலை வெயில் விழுகிற ரூமை அதே வாடகைக்கு மாற்றிக் கொடுத்தார். அந்த ஒன்றுக்காகவே இந்த லாட்ஜை நான் மற்றவர்களுக்கும் சொல்வேன். ரூமைப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கட்டாதீர்கள்.

வெந்நீர் காலை ஆறிலிருந்து ஒன்பது வரைதான். சாயங்காலம் கேட்டால் ஒரு வாளி கொண்டுவந்து வைப்பார்கள், ஆனால் வெளியே சுற்றிவிட்டு உறைந்துபோய் வருகிறவர்களுக்கு ஒரு வாளி எப்படிப் போதும்? ஹீட்டருக்குத் தனிக் காசு, அதை முன்கூட்டியே சொல்லவும் இல்லை. கம்பளி மட்டும் கேட்கக் கேட்கக் கொடுத்தார்கள். ரோட்டுப் பக்கம் என்பதால் ராத்திரி பத்து மணி வரை ஹாரன் சத்தம் கேட்கும், அப்புறம் அடங்கிவிடும். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை இருப்பதால் மாடிக்கு ஒரு கேன் வைத்திருந்தார்கள், நாங்கள் ஸ்டீல் பாட்டில் கொண்டுபோயிருந்ததால் சிரமம் இல்லை.

காரில் போகிறவர்களுக்கு இந்தப் பகுதியை நான் சொல்லமாட்டேன். லாட்ஜ் வாசலில் இரண்டு மூன்று வண்டி நிற்கத்தான் இடம், சீசனில் அதுவும் கிடைக்காது. நாயுடுபுரம், அட்டுவம்பட்டி பக்கம் பாருங்கள். அதோடு, சொந்த வண்டி, வாடகை வண்டி இரண்டுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் (மலைக்கு வர ஆன்லைனில் எடுக்கிற அனுமதிச் சீட்டு) வேண்டும். 2025 சீசனில் நாள் ஒன்றுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அதனால் இ-பாஸை எடுத்துவிட்டு அப்புறம் ரூமுக்கு அட்வான்ஸ் அனுப்புங்கள். மதுரை ஆரப்பாளையத்தில் அரசு பஸ் ஏறினால் இந்தக் கவலை கிடையாது.

ரூம் பேச போன் பண்ணும்போது வாடகையோடு இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள்: ரூம் ரோட்டுக்கு மேலேயா கீழேயா, வெந்நீர் எத்தனை மணி வரை, செக்-அவுட் இருபத்துநாலு மணி நேரக் கணக்கா இல்லை காலையிலேயே காலி பண்ணவேண்டுமா. எங்கள் லாட்ஜில் காலை பத்து மணிக்குக் காலி பண்ணச் சொன்னார்கள். ஊருக்குத் திரும்ப மதியத்துக்கு மேல்தான் பஸ் ஏறினோம், அதுவரை பெட்டிகளை ரிசப்ஷனில் சும்மாவே வைத்துக்கொண்டார்கள்.