டிராவல் யுகுலேலே வாங்கப் போறீங்களா, இந்த மாதிரி கடைகிட்ட உஷாரா இருங்க

"ஃபுல் செட்டப் பண்ணித்தான் அனுப்புவோம், பிகினருக்கு விரலே வலிக்காது"ன்னு போட்டு மலிவா டிராவல் யுகுலேலே (நாலு ஸ்ட்ரிங் உள்ள, குட்டி கிட்டார் மாதிரி வாத்தியம்) விக்கிற ஆன்லைன் கடைங்க இருக்கே, அதுல ஒண்ணுகிட்டதான் மாட்டினேன். பேர் சொல்லல, இதே டயலாக்க நிறைய பேர் விடுறாங்க.

வந்த பீஸ்ல நட்டுல (நெக்கோட மேல் முனையில ஸ்ட்ரிங்கைத் தாங்குற சின்ன பட்டை) ஸ்ட்ரிங் உக்கார்ற வெட்டு ஆழமாவே இல்ல, அதனால ஸ்ட்ரிங் உசந்து நிக்குது. ஓப்பனா, அதாவது எதையும் அமுக்காம மீட்டுனா, ஜி சி ஈ ஏ நாலு ஸ்ட்ரிங்கும் ட்யூனர்ல கரெக்டா நிக்குது, ஆனா எஃப் கார்டு (சில சுரங்களை ஒண்ணா எழுப்புற விரல் பிடி) புடிச்சா முதல் ஃப்ரெட்ல (நெக்குக்குக் குறுக்கே பதிச்சிருக்கிற கம்பி) அமுக்கவே உயிர் போகுது, சத்தமும் அபஸ்வரமா ஏறிடுது. கேட்டா "புது நைலான் ஸ்ட்ரிங் சார், இழுபடும், போகப்போக செட்டாயிடும்"ங்கிறான். யோவ், ஸ்ட்ரிங் இழுபட்டா சுருதி இறங்கும்யா, இது அமுக்கும்போது மட்டும் ஏறுது, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? பதிலே இல்ல.

அடுத்த கூத்து, கான்சர்ட் சைஸ்னு போட்டிருந்தாங்க, அது சின்ன சைஸான சோப்ரானோவுக்கு அடுத்த சைஸ். நட்டுலேர்ந்து பிரிட்ஜ் சேடில் (பாடியில ஒட்டியிருக்கிற பிரிட்ஜ் மேல ஸ்ட்ரிங்கைத் தாங்குற பட்டை) வரைக்கும் டேப் வச்சா கிட்டத்தட்ட 13 இன்ச், அது சோப்ரானோ, கான்சர்ட்னா 15 இன்ச் வரணும். "டிராவல் மாடல்னா சின்னதாதான் இருக்கும்"னு சமாளிக்கிறாங்க. டிராவல் மாடல்ல பாடியத்தான் ஒல்லியாக்குவாங்க, கான்சர்ட்னு சொல்லிட்டு அந்த நட்டு-சேடில் நீளத்தை, அதாவது ஸ்கேலை, குறைச்சா அது வேற சைஸ். எனக்கு விரல் தடிமன், அதுக்காகத்தான் கான்சர்ட்டே தேடுனேன். ஃப்ரெட் ஓரமெல்லாம் வேற ரம்பம் மாதிரி, கையை நெக்குல ஓட்டுனா கீறுது.

ரிட்டர்ன் கேட்டதுக்கு வந்த பதில்தான் ஹைலைட்: ட்யூன் பண்ணிட்டீங்களாம், அதனால "யூஸ்டு" ஆயிடுச்சாம். ட்யூன் பண்ணாம எப்படிய்யா செக் பண்றது!

வாங்குறதுக்கு முன்னாடி வீடியோ கேளுங்க. மூணாவது ஃப்ரெட்ல அமுக்கிட்டு முதல் ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவுல எவ்ளோ கேப்னு காட்டச் சொல்லுங்க, பேப்பர் அளவுதான் இருக்கணும். 12வது ஃப்ரெட்ல ஸ்ட்ரிங் உயரம் 3 எம்எம்முக்கு மேல போனா வேணாம். நட்டு மட்டும்தான் பிரச்சனைன்னா ரிப்பேர் பண்றவங்க அரத்தால ராவி சரி பண்ணிடுவாங்க, ஆனா 12வது ஃப்ரெட்ல அமுக்குனா வர்ற சுரமும் அங்கயே லேசா தொட்டு எழுப்புற ஹார்மானிக்கும் ரொம்ப விலகி நின்னா பிரிட்ஜே தப்பான இடத்துல ஒட்டியிருக்கலாம், மலிவு பீஸுக்கு அந்த வேலை கட்டுபடியாகாது. பிளாஸ்டிக் பாடின்னு ஒதுக்காதீங்க, ஈரத்துக்கு அதுவே தேவலாம்.

என் கம்ப்ளைண்ட் இன்னும் "பரிசீலனையில்"தான் இருக்கு.